நேர்முகப் பரீட்சையும் நமது மௌனமும்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரியவர்கள் முன்னிலையில் சிறுவர் வாய்திறக்கலாகாது என்பது நம் வீடுகளிற் படித்த முதற் பாடம். நல்ல பாடந்தான். ஆனால் அந்தப் பாடமே உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சையில் நம்மைக் கைவிட்டுவிடுகின்றது. இதனைப் பட்டறிந்தே சொல்லுகின்றோம்.

இரண்டாண்டுகளுக்கு முன், உயர்தரப் பரீட்சை முடிவு வெளிவந்த கையோடு, கொழும்பிலே ஓர் அலுவலகத்தின் நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தோம். இரவு முழுவதும் பஸ்ஸிலே உறக்கமில்லை. மேசைக்கு அப்பால் மூவர். "உம்மைப்பற்றிச் சொல்லும்" என்றார் நடுவிலிருந்தவர். பெயர், ஊர், பாடசாலை மூன்றையும் சொன்னோம். அவையெல்லாம் அவர் கையிலிருந்த விண்ணப்பத்திலேயே இருந்தன! பிறகு, "விவாதக் கழகச் செயலாளர் என்று எழுதியிருக்கிறீரே, என்ன செய்தீர்?" என்றார். மிஷன் பாடசாலையிலே வெள்ளிதோறும் மேடையேறி முழங்கியவர்கள்தாம் நாம். அன்றோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நம்மைப்பற்றி நாமே பேசுவது தற்புகழ்ச்சி என்று நெஞ்சு தடுத்தது. ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

செய்ததைச் செய்தோமென்று அளவோடு சொல்வதிலே தற்புகழ்ச்சி என்ன இருக்கின்றது? "ஆறு விவாதங்களை ஒழுங்குசெய்தேன்; ஒருமுறை எதிரணி வராதபடியால் எங்கள் அணியையே இரண்டாகப் பிரித்து நடத்தினேன்." இவ்வளவு போதும். விண்ணப்பத்தின் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் இத்தகைய ஒரு நிகழ்ச்சியை முன்னரே நினைத்து வைத்தல் வேண்டும். விடையை மனனம் பண்ணுவது வேறு. அது இரண்டாவது கேள்வியிலே நொறுங்கிவிடும்.

தெரியாததைத் தெரியாதென்றே சொல்லலாம். சிங்களம் தெரியுமா என்று கேட்டால் நம்மிற் பலர் மழுப்புகிறார்கள். 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அரச சேவைக்கான பரீட்சைகளுக்குத் தமிழிலே தோற்றும் உரிமையை நமக்குத் தந்துள்ளது. நியாயமான காலத்துள் சிங்களம் கற்கும்படி கேட்கவும் அதிலே இடமுண்டு. ஆகவே, "வாசிக்கத் தெரியும், பேச்சுத்தான் திணறும், வகுப்புக்குப் போகிறேன்" என்பதே நல்ல விடை, போவது உண்மையானால்!

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுப் பத்திரம் என்பவற்றின் மூலப்பிரதிகளை முதல்நாளே ஒரு கோவையில் இட்டு வைக்க. உடை சுத்தமாயிருந்தாற் போதும். இரவல் கழுத்துப்பட்டியைப் பார்த்தவுடனே கண்டுகொள்வார்கள். வசதியிருந்தால் முதல்நாளே கொழும்பை அடைந்து உறங்குக.

இனிப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களுள் இளைப்பாறிய அதிபர்கள் இருக்கிறீர்கள், தபாலதிபர் இருக்கிறார். மேசைக்கு அப்பால் அமர்ந்து பிறரைக் கேள்வி கேட்டவர்கள். ஞாயிறு மாலைகளில் இம்மண்டபத்திலே மூன்று நாற்காலிகளில் அமர்ந்து எங்களையும் கேளுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து நாங்கள் விடை சொல்லும்போது அதனை அடங்காமை என்று மாத்திரம் எண்ணாதிருங்கள். முதலாவதாக வந்து உட்கார நாமே ஆயத்தம்.