பழைய படமும் புதுப் பூச்சும்



வருமான வரிக் கணக்குக்கான ஒக்டோபர் 31 கெடு கழிந்ததும், அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் அழைப்பிதழ் வேலையில் இறங்கினேன். யாழ்ப்பாணத்தில் எடுத்த அவரின் கல்யாணப் படத்துக்குப் பழைய கடதாசிச் சாயல் கொடுக்க ஆசை.

ஃபோட்டோபீ என்பது உலாவியிலேயே இயங்கும் இலவசச் செயலி. படத்தைத் திறந்து, கைபேசியில் எடுத்த கடதாசிப் படத்தை அதன்மேல் இன்னொரு படலமாக வையுங்கள். கலப்பு முறையில் 'மல்டிப்ளை' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இது வெறும் பெருக்கல் கணக்கு. வெள்ளையின் பெறுமதி 1, கறுப்பின் பெறுமதி 0. ஆகவே மேற்படலத்தின் வெள்ளை மறையும், கருங்கோடுகள் படத்தில் இறங்கும். 'ஸ்கிரீன்' இதற்கு நேரெதிர். அதில் கருமை மறையும். அடர்த்தி 30 வீதமளவில் போதும்.

நான் 100 வீதமே வைத்து, அதே பெயரில் சேமித்தும் விட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "தம்பி, மூலையில நிண்ட மாமாவைக் காணேல்லையே?" என்றார். ஏற்கெனவே மங்கலாயிருந்த முகம் முழு இருட்டாகிவிட்டது. மாமா இன்று இல்லை. அவருடைய மற்றப் படங்களெல்லாம் 1995 இடப்பெயர்வில் போய்விட்டன. நல்லகாலம், மூலப்படம் அலுமாரியில் இருந்தது. திரும்ப ஸ்கேன் செய்தேன்.

கணக்கேட்டில் மூலப்பதிவை அழிக்கமாட்டோம். திருத்தத்தைத் தனியே எழுதுவோம். படத்திலும் அதுதான் முறை. பிரதியில் வேலை செய்யுங்கள். பி.எஸ்.டி. கோப்பாகச் சேமித்தால் படலங்கள் பிரிந்தே இருக்கும். கோப்புகளை உங்கள் கணினியிலும் வையுங்கள். பலர் பாவித்த பிக்னிக் தளம் 2012இல் மூடப்பட்டதே!