ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

முடக்கு வாதம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் எதிர்ப்புச் சக்தி நம் மூட்டுகளையே தாக்குகிற நோய்.

"சார், ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்!" என்று ரிப்போர்ட்டை நீட்டிக்கிட்டே வருவாங்க. பார்த்தால் ஒரு மூட்டிலும் வீக்கம் இருக்காது. காசநோய், தொழுநோய் உள்ள சிலருக்கும், ஆரோக்கியமான முதியவர்கள் சிலருக்கும்கூட அது பாசிட்டிவாக வரும். உண்மையிலேயே நோய் உள்ள சிலருக்கு வராமலே போகும். சி.சி.பி. ஆன்டிபாடி சோதனை அதைவிட நம்பகமானது. அதுவும் சிலரிடம் ஏமாற்றும். ஆகவே நான் முதலில் கேட்பது, "காலையில எழுந்தா விரலை மடக்க எவ்வளவு நேரம் ஆகுது?" என்றுதான். "சொம்பைத் தூக்க முடியல டாக்டர், வெயில் ஏறினாத்தான் கை வசத்துக்கு வருது" என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தேய்மானமாக இருந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் இறுக்கம் விட்டுவிடும். பிறகு விரல்களின் அடிமூட்டுகளை மெல்ல அழுத்திப் பாருங்கள். பேனா பிடிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்!

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் ஹென்ச் கார்ட்டிசோன் கொடுத்தார். முடங்கிக் கிடந்த பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த மயக்கம் நம்மவர்களுக்கு இன்னும் தெளியவில்லை. ஸ்டீராய்டு வேகமாக அடக்கும். ஆனால் வருடக்கணக்கில் விழுங்கினால் எலும்பு கரையும், சர்க்கரை ஏறும். நோயின் போக்கை மாற்ற முதலில் கை கொடுப்பது மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகத சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் வழிநடத்திய குழு உருவாக்கியது அது.

அதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அம்மாளுக்கு எழுதிக் கொடுத்தேன். 'வாரம் ஒரு முறை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன், வாயால் சொல்லவில்லை. அவர் தினமும் போட்டுக்கொண்டார். பத்தாம் நாள் வாயெல்லாம் புண், காய்ச்சல், வெள்ளணுக்கள் சரிந்துவிட்டன. ஃபோலினிக் அமிலம் கொடுத்து, மூன்று வாரம் போராடிப் பிழைக்க வைத்தோம். "உங்க மாத்திரையாலதானா தம்பி?" என்று கேட்டார். "ஆமாம்மா, நான் சொல்லாம விட்டதால" என்றேன்.

அன்றிலிருந்து சீட்டில் கிழமையைத் தமிழில் எழுதுகிறேன்: 'ஞாயிறு மட்டும்'. ஃபோலிக் அமிலத்துக்கு 'புதன்'. ரத்த அணுக்கள், ஈரல் சோதனைக்குத் தேதியும் போடுவேன். இளம்பெண்களிடம் குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்காமல் அதை எழுதவே மாட்டேன். கருவுக்கு ஆகாத மருந்து.

அந்த அம்மாள் பிறகும் என்னிடமே வந்தார், வேறு மருந்துக்கு. சீட்டை வாங்கியதும் உட்கார்ந்தபடியே, "எந்தக் கிழமை, வாயால சொல்லுங்க" என்பார். சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார்.