அப்பாவாக நடித்தவர்
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்ஜினியரிடம் மைக்கைக் கொடுத்தால் டர்பைன், பம்ப் என்று ஆரம்பித்துவிடுவான் என நினைத்திருப்பீர்கள். பயப்படாதீங்க. ரோஜர் லிவ்ஸி என்ற பிரிட்டிஷ் நடிகரைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயரே கேள்விப்பட்டதில்லையா? ஒலிவியரைக் கொண்டாடிய அளவுக்கு அவருடைய நாடே இவரைக் கொண்டாடவில்லை.

1906-ல் வேல்ஸில் பிறந்தவர். நாடகக் குடும்பம். யுத்தம் வந்ததும் விமானப்படையில் சேரப் போனார். வயது கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நம்ம ஆள்!

பவல், பிரஸ்பர்கர் இருவரும் எடுத்த 'தி லைஃப் அண்ட் டெத் ஆஃப் கர்னல் பிளிம்ப்' 1943-ல் வந்தது. அதற்கு அவர்கள் முதலில் கேட்டது லாரன்ஸ் ஒலிவியரை. கடற்படையின் விமானப் பிரிவில் இருந்த அவரை அரசாங்கம் விடவில்லை. படத்தையே நிறுத்தப் பார்த்தார் சர்ச்சில். அந்த வேஷம்தான் லிவ்ஸிக்கு வந்தது. 36 வயதுக்காரர், துள்ளும் இளம் அதிகாரியாகவும் வருகிறார், தொப்பையும் வழுக்கையுமான கிழவராகவும் வருகிறார். குளியல் குளத்தில் கிழவர் விழுகிறார். கேமரா தண்ணீரோடு நகர்கிறது. மறுமுனையில் வாலிபன் எழுந்து வருகிறான். நாற்பது வருஷம் பின்னால் போய்விட்டோம்! மேக்கப்பை எல்லாரும் புகழ்வார்கள். எனக்கு அந்தக் கரகரத்த குரல்தான் பெரிசு.

பிறகு மேடைதான் அதிகம். சினிமாவில் சின்ன வேஷங்கள். 1960-ல் 'தி என்டர்டெய்னர்' படத்தில் ஒலிவியருக்கே அப்பாவாக நடித்தார். ஒலிவியரைவிட ஒரு வயதுதான் மூத்தவர்! பார்க்கும்போது அது ஞாபகத்துக்கே வராது. 1976-ல் காலமானார்.

ஒரு தொழில்நுட்ப சங்கதி சொல்லி முடிக்கிறேன். 1945-ல் வந்த 'ஐ நோ வேர் ஐ'ம் கோயிங்' படத்தின் கதை ஸ்காட்லாந்துத் தீவுகளில் நடக்கிறது. லிவ்ஸியோ லண்டனில் நாடகம் நடித்துக்கொண்டிருந்தார். மேடையை விட்டு வரமுடியாது. படப்பிடிப்புக்காக ஸ்காட்லாந்து மண்ணை அவர் மிதிக்கவே இல்லை! தன்னைப்போல நடக்க ஒரு டூப்புக்குப் பழக்கிக் கொடுத்து அனுப்பினார். தூரக் காட்சியில் டூப், கிட்டக் காட்சியில் டென்ஹாம் ஸ்டுடியோவில் இவர். படம் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற தம்பி இருந்தால், மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் வந்து சொல்லலாம்.