கொடிமலை விடுதிப் பள்ளி



பினாங்குக் கொடிமலையில், முன்பு கிராக் ஓட்டல் இருந்த இடத்தில், 1955ஆம் ஆண்டில் அப்லண்ட்ஸ் பள்ளி தொடங்கப்பெற்றது. அவசரகாலம் நிலவிய அந்நாளில் தோட்டத் துரைமாரின் இளஞ்சிறார் மலையிலேயே தங்கிப் பயின்றனர்; 1977இல் பள்ளி நகருக்கு இறங்கிற்று.

நம் பிள்ளைகளுக்கோ? பள்ளி வயதினர் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் அது ஒரே கொட்டகையாயிற்று. பல வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர். பிள்ளை பெற்றோர் கண்ணெதிரே வளர்ந்தது மெய்; அதுவும் சிறு பேறன்று. ஆயின், விடுதிப் பிள்ளைக்கு வாய்க்கும் அமைதியான மாலைப் படிப்பு லயத்தில் வாய்க்கவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தையே நாம் வேண்டுகிறோம். தொலைக்காட்சியை அணைத்துப் பிள்ளையின் அருகில் அமருங்கள். எழுத்தறியாத தாயும் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.