விளையாடும் பிள்ளைகளின் இதயம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)





அல்லாஹ்வின் பேரருளால் நம் பிள்ளைகள் பலர் உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கில் கால்பந்தும் ஓட்டமும் பயில்கின்றனர். அவர்களின் உடல்நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவே சரிந்து உயிர் நீத்தார். வயது 28. பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு நோய் அவருக்கு இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. வெளிப்பார்வைக்குப் புலப்படாத இந்நோயை ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பெரும்பாலும் காட்டிவிடும்.

இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈ.சி.ஜி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம், ஆண்டுக்கு லட்சம் பேரில் 3.6 என்றிருந்தது, 2004க்குள் 0.4 ஆகக் குறைந்தது.

"நோய் என்று தெரிந்தால் விளையாட்டே போய்விடுமே" என்றஞ்சி, பிள்ளைக்கு வந்த மயக்கத்தை மறைக்கும் பெற்றோரும் உண்டு. அவர்கள் அன்வர் அலியை எண்ணிப் பார்க்கட்டும். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய அவருக்கு, 2019இல் இதயத் தசைத் தடிப்பு நோய் கண்டறியப்பட்டது. ஆட்டம் தடைப்பட்டது. 2020இல் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினார். பின்னர் அனுமதி பெற்று, 2022இல் இந்திய அணிக்கே ஆடினார். எல்லோருக்கும் இவ்வாறு வாய்க்கும் என்பதன்று. சிலர் விளையாட்டையே விட நேரலாம். ஆயினும் விட்ட விளையாட்டுக்கு ஈடு உண்டு. போன உயிருக்கு ஈடில்லை.

ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு. குடும்பத்தில் எவருக்கேனும் இளவயதில் திடீர் மரணம். இவற்றுள் ஒன்று இருப்பினும் ஆட்டத்தை நிறுத்தி, ஜிப்மரிலோ அரசு பொது மருத்துவமனையிலோ காட்டுங்கள். அறிகுறி இல்லாவிடினும், போட்டிகளில் இறங்குமுன் ஒரு முறை ஈ.சி.ஜி. எடுப்பது நன்று.

பரிசோதனை எல்லாவற்றையும் காட்டிவிடாது. 2021இல் டென்மார்க் வீரர் எரிக்சன் மைதானத்தில் விழுந்தபோது, உடனே மார்பை அழுத்திச் செய்த முதலுதவியும் மின்னதிர்ச்சிக் கருவியும் அவரை மீட்டன. நம் வாலிபர்களும் அம்முதலுதவியைக் கற்றல் வேண்டும்.

முயற்சியைச் செய்துவிட்டுத் தவக்குல் வைப்பதே முஃமினின் வழி. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த நலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.