குஞ்சுகளின் படுக்கை

தாய்க்கோழியின் சிறகுக்கு ஈடாக நாம் அமைப்பதே புரூடர் என்னும் வெப்பக் கூடு. முதல் வாரத்தில் அங்கே ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைக் கண்ணுங் கருத்துமாய்க் காத்த நான், குஞ்சுகளின் காலடியைக் கவனிக்கத் தவறினேன். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்து கிடந்த உமியை, நாளை மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். நான்காம் வாரத்தில் எச்சத்தில் இரத்தம் கண்டது. பல குஞ்சுகள் மடிந்தன.

அது இரத்தக் கழிச்சல் நோய். எச்சத்துடன் வெளிவரும் அந்நோயின் நுண்ணுயிர்க் கருக்கள், ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே நோய் பரப்பும் வல்லமை பெறுகின்றன. உலர்ந்த கூளத்தில் அவ்வல்லமை குன்றும்.

ஆகவே, ஈரத்தை உறிஞ்சி விரைவில் உலரும் கூளமே நன்று. உமி, மர இழைப்புச் சுருள், நிலக்கடலைத் தோல் ஆகியவை ஏற்றவை. 2 அங்குல உயரம் பரப்பி, முதற் சில நாட்கள் மேலே சொரசொரப்பான தாளை விரியுங்கள். குஞ்சுகள் கூளத்தைத் தின்னா. வழவழப்பான தாளில் கால்கள் சறுக்கி முடமாகும். பூஞ்சை படிந்த கூளம் நுரையீரலைக் கெடுக்கும், அதனை விலக்குங்கள்.

நாள்தோறும் ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நன்று. உருண்டையாய் நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, அன்றே அகற்றுங்கள். நான் தள்ளிப்போட்ட ஒரு நாள் எனக்குக் கற்பித்த பாடம் இது.