நிறைவேறிய காசு எங்கே நிற்கிறது?



மீள்குடியேற்றக் கிராமங்களில் கூட்டம் வைக்கும்போது அடிக்கடி வரும் கேள்வி இது: "வீட்டுத்திட்டத்துக்குக் குறைநிரப்புக் காசு பாராளுமன்றத்தில நிறைவேறியிட்டுது எண்டு செய்தியில சொன்னாங்கள். பிரதேச செயலகத்தில கேட்டால் இன்னும் வரேல்லை எண்டுகினம். ஆர் சொல்லுறது பொய்?"

பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் சுவர் எழுப்பிவிட்டுக் கூரைக் காசுக்குக் காத்திருக்கும் உங்களுக்கு அந்தப் பதில் போதாது.

எங்கள் நாட்டின் நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்கி டிசெம்பர் 31இல் முடிகிறது. அந்த ஆண்டுக்கான செலவுக்கு ஒதுக்கீட்டுச் சட்டமூலம் வருகிறது. வரவு செலவுத் திட்ட உரை அதன் இரண்டாம் வாசிப்பு. பிறகு அமைச்சு அமைச்சாகக் குழுநிலை விவாதம், மூன்றாம் வாசிப்பு. ஆண்டின் நடுவில் வெள்ளமோ வேறு தேவையோ வந்து ஒதுக்கிய காசு போதாமல் போனால், குறைநிரப்பு மதிப்பீடு கொண்டுவரப்படும். இது சட்டமூலம் அல்ல, பிரேரணை. மூன்று வாசிப்பும் இல்லை. ஆனால் நினைத்த உறுப்பினர் எல்லாரும் இதைக் கொண்டுவர முடியாது. அமைச்சரவையின் அங்கீகாரத்துடன் ஓர் அமைச்சரே கொண்டுவர வேண்டும் என்று அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரை சொல்கிறது. அரசாங்க நிதி பற்றிய குழுவும் இதை ஆராயும். சபையில் விவாதித்துச் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றலாம். ஒரே நாளில்கூட முடிந்துவிடும்.

மேலதிகச் செலவுக்குக் கடன் எல்லையையும் கூட்ட வேண்டியிருந்தால் கதை வேறு. கடன் எல்லை ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் இருப்பதால் அந்தச் சட்டத்தையே திருத்த வேண்டும். 2022 நெருக்கடியில் இடைக்கால வரவு செலவுத் திட்டமும் ஒதுக்கீட்டுத் திருத்தச் சட்டமூலமாகத்தான் வந்தது. ஓகஸ்ட் 30இல் உரை. செப்டெம்பர் 2இல் 120க்கு 5 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

இனித்தான் முக்கியமான இடம். பாராளுமன்றம் தருவது செலவழிக்கும் அதிகாரம். கையில் காசு அல்ல. திரட்டு நிதியத்திலிருந்து பணம் எடுக்க நிதி அமைச்சரின் ஆணைப்பத்திரம் வேண்டும். அதன்பின் திறைசேரி அமைச்சுக்குக் கட்டுநிதி விடுவிக்க வேண்டும்; அமைச்சு மாவட்டச் செயலகத்துக்கும், அது பிரதேச செயலகத்துக்கும் அனுப்ப வேண்டும். திறைசேரியில் காசுத் தட்டுப்பாடு என்றால் கட்டுநிதி துண்டு துண்டாகத்தான் வரும். செய்தியில் கோடிக்கணக்கைக் கேட்டவுடன் மேசனுக்கு நாள் குறித்துவிடாதீர்கள். கடைக்காரரிடம் ஓடுகளைக் கடனுக்கு எடுத்துவிடவும் வேண்டாம்.

இன்னொன்று. டிசெம்பர் 31க்குள் செலவழியாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். ஆண்டின் கடைசி மாதங்களில் நிறைவேறும் குறைநிரப்புத் தொகையைப் பற்றி நான் அவ்வளவு நம்பிக்கையோடு பேசுவதில்லை. மழைக்காலத்தில் கட்டட வேலை நகராது. வேலை நகராவிட்டால் அடுத்த கட்டக் காசுக்கான சிபாரிசும் வராது. ஆகவே உங்கள் பக்கத்து வேலை முடிந்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்துக் கையெழுத்திடும்வரை விடாமல் கேளுங்கள்.

பிரதேச செயலகத்தில் "காசு வந்ததா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு திரும்ப வேண்டிவரும். இப்படிக் கேளுங்கள்: எங்கள் திட்டத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு, எந்தச் செலவினத் தலைப்பில் வந்தது, கட்டுநிதி எவ்வளவு கிடைத்தது, எந்தத் திகதியில் கேட்டு அனுப்பினீர்கள்? வாயால் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அங்குள்ள தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கொடுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்ய உங்களுக்கு 14 நாட்கள் உண்டு. கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள்.